முதல் வெட்டு

என் மாமியாரும் நானும் ஒரே வீட்டில் வாழ்ந்த காலத்தில் பாதி நாள் பேசிக்கொள்ளவில்லை. குழம்பில் புளி தூக்கலாக இருந்தால் கோபம், கன்றுக்குட்டியை நேரத்துக்கு அவிழ்க்காவிட்டால் அதைவிடப் பெரிய கோபம். ரிஷிவந்தியத்திலிருந்து சின்னசேலம் பக்கம் வாக்கப்பட்டு வந்த புதிதில், இந்த அம்மாளிடம் வந்து மாட்டிக்கொண்டேனே என்று அழுதிருக்கிறேன். அவரைப் பற்றி மரியாதையோடு எழுத உட்காருவேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் ஊரே ஒரு பக்கம் சாய்ந்தபோது சாயாமல் நின்ற ஒரே ஆளாக அவரைத்தான் நான் பார்த்தேன். படித்தவர்கள், பெரிய மனிதர்கள் என்று எத்தனையோ பேரைப் பிறகு பார்த்துவிட்டேன். அவருக்குப் பக்கத்தில் நிறுத்த இன்னும் ஒருவர் கிடைக்கவில்லை.

அதைச் சொல்ல வேண்டுமானால் ஏரி வேலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் ஊர் ஏரிக்குக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் ஓடைத் தண்ணீர் ஒரு கால்வாய் வழியாக வரும். புரட்டாசியில், மழை பிடிப்பதற்கு முன்னால், அந்தக் கால்வாயில் தூர் வார வேண்டும். காலனியிலிருந்து பறை அடிக்கிறவர் வந்து தெருத்தெருவாக அடித்துக்கொண்டு போவார். சாவுக்கு ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி, ஏரி வேலைக்கு என்று தனியாக ஓர் அடி. அந்த அடி கேட்டால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு கரையில் போய் நிற்க வேண்டும். எனக்கு இஷ்டமில்லை, எனக்கு வேறு வேலை இருக்கிறது என்ற பேச்செல்லாம் கிடையாது. வேலை தொடங்கிவிட்டால் கால்வாய் முடிகிறவரை ஊர் வேறு எந்தப் பொது வேலையையும் எடுக்காது. போகாத வீட்டுக்குத் தண்ணீர் முறை கிடையாது, நல்லது கெட்டதுக்கு யாரும் வாசலை மிதிக்க மாட்டார்கள். காலனிக்காரர்களும் வருவார்கள். அவர்கள் வெட்டுவது மதகுக்குக் கீழே, நாங்கள் வெட்டுவது மேலே. ஏன் அப்படி என்று அவர்களும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

ஓர் ஐப்பசி வெள்ளத்தில் கரை உடைத்துக்கொண்டபோது மணல் மூட்டையோடு முதலில் இறங்கியவர் என் மாமனார். உடைப்பு அடைபட்டது, அவர் மேலே வரவில்லை. ஊர் கூடி அந்த வீட்டுக்கு ஒரு மரியாதை செய்தது. ஏரி வேலையில் முதல் வெட்டு இனி அந்த வீட்டுடையது, அந்த வீட்டு மண்வெட்டி விழாமல் வேறு எந்த மண்வெட்டியும் விழக்கூடாது என்று. என் வீட்டுக்காரர் அப்போது கைக்குழந்தை. அதனால் மாமியாரே போனார். பெண்பிள்ளைதானே, கூடை சுமந்தால் போதும் என்று சிலர் சொன்னார்களாம். கூடை சுமப்பதற்கு முதல் வெட்டு எதற்கு என்று கேட்டுவிட்டு வெட்டியிருக்கிறார். மகன் வளர்ந்து, மீசை வைத்து, கல்யாணம் முடிந்து நான் வந்த பிறகும் அந்த மண்வெட்டியை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு அது பெரிய மனக்குறை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் ஒவ்வொரு புரட்டாசியிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்த வருஷம் அவர் பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் பாஸ் பண்ணி, வேலைக்கு எழுதிப்போட்டு எழுதிப்போட்டு ஓய்ந்துபோயிருந்தார். எங்கள் சாதியில் எங்கள் சுற்றுவட்டாரத்தில் சர்க்காரில் உட்கார்ந்திருக்கிற ஒரு முகத்தைக் காட்டு என்றால் காட்ட முடியாது. எங்கள் சாதிச் சங்கத்துக்காரர்கள் கேட்டது நியாயம். இன்றைக்கும் அதைச் சொல்வேன். கேட்டதில் நியாயம் இருந்ததால்தான் மற்றதெல்லாம் அதன் கையைப் பிடித்துக்கொண்டு சுலபமாக எங்கள் வீட்டுக்குள் வந்தது.

எங்கள் ஊரில் சங்கத்தை நடத்தியவர் உரக்கடை வைத்திருந்தவர். கெட்ட மனிதர் என்று சொல்லவே முடியாது. பிரசவத்தில் நான் கஷ்டப்பட்டபோது அவர் வண்டியில்தான் கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். ரோட்டை மறிக்க வேண்டும், மரத்தை வெட்டிப் போட வேண்டும் என்று மேலிருந்து சொல்லி அனுப்பியபோது அவர் கூட்டம் போடவில்லை, கோஷம் போடவில்லை. பறை அடிக்கிறவரைக் கூப்பிட்டு ஏரி வேலை அடியை அடிக்கச் சொன்னார். வீட்டுக்கு ஓர் ஆள், மண்வெட்டிக்குப் பதில் கோடாலி. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த அடியைக் கேட்டுப் பழகின கால்கள் தானாக எழுந்து நடந்தன. போராட்டத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று எங்கள் தெருவில் ஒருவர்கூட யோசித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அன்றைக்குக் கோடாலியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, முதல் வெட்டு உங்க வீட்டுதுதானே என்று உரக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார். பெற்ற தாய் கொடுக்காத மரியாதையைச் சங்கம் கொடுத்துவிட்டது. ரோட்டோரப் புளியமரத்தில் அவர் போட்ட வெட்டைப் பற்றி ராத்திரி சாப்பிடும்போது மறுபடி மறுபடி சொன்னார். கை முழுக்கக் கொப்புளம், முகம் முழுக்கச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். நாங்கள் பெண்களெல்லாம் சேர்ந்து அண்டா அண்டாவாகச் சோறு கிளறி ரோட்டுக்கு அனுப்பினோம். புளியமரத்தை வெட்டப் போனவர்களுக்குப் புளிச்சோறு. அந்த வேடிக்கை அன்றைக்கு எங்களில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை, திருவிழாக் களையில் இருந்தோம்.

மாமியார் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். மகன் கோடாலி தூக்கியது பிடிக்காமல் முகத்தைச் சுளித்தார். பிறகு சும்மாட்டைச் சுருட்டிக்கொண்டு போய், போலீஸ் வருவதற்குள் கிளைகளை இழுத்துவந்து கொல்லையில் அடுக்கிவிட்டார். மரந்தானே என்றார். அவரைத் தெய்வப்பிறவி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. காலனி ஆட்களுக்கென்று எங்கள் வீட்டுக் கூரை இறவாணத்தில் ஓர் அலுமினிய டம்ளர் செருகியிருக்கும். அதைச் செருகி வைத்தவர் அவர்தான்.

பிறகு போலீஸ் வந்தது. ஆம்பிளைகள் எல்லாம் மலையேறிவிட்டார்கள். கரியாலூர்ப் பக்கம் ஒரு மலைக்குடும்பம் என் வீட்டுக்காரரையும் இன்னும் சிலரையும் மாட்டுக்கொட்டகையில் படுக்கவைத்துச் சாமைக் கஞ்சி ஊற்றியிருக்கிறது. ரோட்டை மறித்துவிட்டால் எங்கள் கடுக்காய் எப்படிச் சந்தைக்குப் போகும் என்று அந்த வீட்டுக்காரர் கேட்டாராம். அதை இவர்கள் ஊருக்கு வந்து சிரிப்புக் கதையாகச் சொன்னார்கள். குளிரில் ஒரே சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்த ஆம்பிளைகள் இறங்கி வரும்போது வேறு ஆட்களாக வந்தார்கள். ஒருவர் பேச ஆரம்பித்தால் இன்னொருவர் முடித்துவைத்தார். மலைக்குப் போகும்போது இவர்கள் கோபம் சர்க்கார் மேல் இருந்தது. இறங்கும்போது அது காலனிப் பக்கம் திரும்பியிருந்தது.

போலீசுக்குப் பேரைச் சொல்லிக் கொடுத்தது காலனிக்காரன் என்று சொல்லிக்கொண்டார்கள். யார் சொன்னது என்று கேட்டால் ஆளைக் காட்ட முடியாது. சொல்லிக்கிறாங்க, அவ்வளவுதான். பட்டப்பகலில் நடுரோட்டில் கோடாலியோடு நின்றவர்கள் பேரைத் தெரிந்துகொள்ள போலீசுக்கு ஒற்றன் எதற்கு என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஊர் கட்டுப்பாடு போட்டது. காலனி ஆட்களை வேலைக்குக் கூப்பிடக்கூடாது என்று தொடங்கி, பிறகு கடையில் சாமான் கொடுக்கக்கூடாது, பிறகு நம் வயல் வரப்பில் நடக்கக்கூடாது என்று வளர்ந்தது. நேற்றுச் செய்ததைவிட இன்றைக்கு ஒரு பிடி கூட, அவ்வளவுதான் இருக்கும். ஒரு பிடிக்காக ஊரை யார் பகைத்துக்கொள்வார்கள்? மாமியாரும் கட்டுப்பாட்டை மீறவில்லை. எங்கள் வயலில் வருஷா வருஷம் நாற்று நட்ட பெண் கொல்லைப் பக்கம் வந்து நின்றபோது உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

புரட்டாசி முடியப்போகிறது, அந்த வருஷம் கால்வாயில் கை வைக்க ஆளில்லை. அந்த நேரத்தில் ஒருநாள் காலையில் உரக்கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, மாமியாரிடம் மரியாதையாகப் பேசினார்.

"பெரிம்மா, காலனிக் கூரைய எடுத்துடறதுன்னு முடிவாயிடுச்சு. ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆவாது, முன்னாடியே தொரத்தி வுட்டுடுவோம். வூட்டுக்கு ஒரு ஆளு, ஒரு பாட்டில் கிருஷ்ணாயில். எல்லாரும் ஊத்திட்டா எவன் ஊத்துனான்னு எவனும் கேக்க முடியாது. ஏரி வேல மாரிதான். முதல்ல உங்க வூட்டுக் கைதான் வெக்கணும்."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊர் தன்னைத் தேடிவந்து முதல் நெருப்பைக் கையில் கொடுக்கிறது என்றால் எந்த இளவட்டத்துக்குத்தான் மார்பு விரியாது? மாமியார் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"முதல் வெட்டு எங்க வூட்டுதுதான். அதுல மாத்தம் இல்லியே?"

"அது எப்பிடிங்க மாறும்," என்றார் உரக்கடைக்காரர்.

"அப்ப சரி."

அவர் எழுந்து போனதும் ரேஷன் மண்ணெண்ணெயைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தது நான்தான். மூடி கிடைக்கவில்லை. பேப்பரைச் சுருட்டி வாயில் அடைத்துக் கொடுத்தேன். விளக்குக்கு ஊற்றுகிற மாதிரியேதான் ஊற்றினேன். கூரைதானே, ஆட்களுக்கு ஒன்றும் ஆகாதே என்று அந்த மனிதர் சொன்னதை நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒன்று மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. நாளைக்கு யார் வந்து கேட்டாலும், எல்லோரும் ஊற்றினார்கள் என்பதற்கு முன்னால், முதலில் வைத்தவன் இவன் என்று இருக்கும். அது என் வீட்டுக்காரர். என் பிள்ளையின் அப்பா.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தகர டப்பாவில் ஏரி வேலை அடி கேட்டது. காலனியைக் கொளுத்தக் காலனி ஆளையே பறை அடிக்கச் சொல்ல முடியாதே. சங்கத்து ஆள் ஒருவர் எண்ணெய் டின்னைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அடித்தார். என் வீட்டுக்காரர் பாட்டிலோடு வாசலில் இறங்கினார். மாமியார் மாட்டுக்கொட்டகையிலிருந்து மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவருக்கு முன்னால் போனார். நீ எதுக்கும்மா என்று மகன் கேட்டதற்கு, "வூட்டுக்கு ஒரு ஆளு. இந்த வூட்டு ஆளு நாந்தான்" என்றார். இன்றைக்கு மண்வெட்டி வேலை இல்லை என்று மகன் சொன்னது காதில் விழாத மாதிரி நடந்துகொண்டே இருந்தார்.

கரையில் ஊரே நின்றது. நாங்கள் பெண்கள் வழக்கம்போல ஓரமாக நின்றோம். எல்லார் கையிலும் பாட்டில், ஒரே ஒரு கையில் மண்வெட்டி. அதைப் பார்த்து இரண்டொருவர் சிரித்தார்கள். உரக்கடைக்காரர் பக்கத்தில் வந்து, பெரிம்மா, மண்வெட்டியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று பணிவாகச் சொன்னார். மாமியார் அவரைப் பார்க்கவே இல்லை. கரைக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் திரும்பிப் பார்த்தோம்.

காலனிக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள், மண்வெட்டியும் கூடையுமாக.

ஏரி வேலை அடி அவர்கள் காதிலும் விழுந்திருக்கிறது. நடுவில் ஒருமுறை கோடாலிக்கு அடித்திருந்தாலும், அந்த அடிக்கு அவர்களுக்கும் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். ஊர் கூப்பிடுகிறது, கட்டுப்பாடு தீர்ந்துவிட்டது என்றுகூட நினைத்திருக்கலாம். தெரிந்தேதான் வந்தார்களோ, அதை இன்றுவரை நான் கேட்கவில்லை, கேட்க எனக்குத் தைரியமும் இல்லை. பறை அடிக்கிறவர் தன் பறையோடு முன்னால் வந்தார். வந்தவர் முகத்தில் பயம் இல்லை, கோபம்தான் இருந்தது.

"நான் இருக்கச்சொல்ல யாருங்க தகரத்துல அடிச்சது?" என்று கேட்டார்.

தகரம் அடித்தவர் டின்னைக் கழுத்திலிருந்து கழற்றினார். காற்றில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. அது அவர்களுக்கும் அடித்திருக்கும். பின்னால் வந்த ஒருவர் நடையை நிறுத்துவதை நான் பார்த்தேன். எங்கள் ஆட்களில் ஒருவர் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார், இன்னொருவர் மறைக்காமல் இறுக்கிப் பிடித்தார். யாராவது ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால் போதும், கூரையோடு நிற்காது. 

அப்போது மாமியார், முதல் வெட்டு எப்போதும் விழுகிற மதகுக்குப் போகவில்லை. காலனிப் பாதை கால்வாயைத் தாண்டுகிற இடம் பக்கத்திலேயே இருந்தது, எங்கள் கூட்டத்துக்கும் அவர்கள் கூட்டத்துக்கும் சரியாக நடுவில். அங்கே இறங்கினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்வெட்டியை ஓங்கி ஒரு வெட்டு வெட்டி, அந்த மண்ணைக் கரைமேல் போட்டார்.

"பெரிம்மா, இது சரியில்ல," என்றார் உரக்கடைக்காரர். முதல் தடவையாக அவர் குரல் ஏறியது.

"நீ அடிக்க வெச்ச அடிதான். முதல் வெட்டு வுழுந்துடுச்சு. இனிமே கால்வா முடியற வரிக்கும் ஊருக்கு வேற வேல கெடையாது," என்றார் மாமியார். பிறகு மகனைப் பார்த்து, "இன்னாத்துக்குடா நின்னுக்கினு கீற? பாட்டில கீழ வெச்சிட்டுக் கூடைய எடு" என்றார்.

ஊர் என் வீட்டுக்காரரைப் பார்த்தது. அவர் அம்மாவைப் பார்த்தார். நான் அடைத்த பேப்பர் நனைந்து எண்ணெய் அவர் கை முழுக்க ஒழுகியிருந்தது.  பிறகு குனிந்து பாட்டிலைத் தரையில் வைத்தார். இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு, காலனிக்காரர் ஒருவர் நீட்டிய கூடையை வாங்கினார்.

முதல் வெட்டு விழுந்ததும் பறை அடிக்க வேண்டும். பறை அடிக்கிறவர் அடித்தார். அதன் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வரும். கொளுத்த வந்த ஊருக்கு வெட்ட மண்வெட்டி இல்லை. வயதான ஒருவர் முனகிக்கொண்டே பாட்டிலை வைத்துவிட்டு இறங்கினார். சிலர் மண்வெட்டி எடுத்துவருகிறேன் என்று வீட்டுக்குப் போனார்கள், அதில் பாதிப் பேர் திரும்பவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது அப்படி ஒரு சாக்குதான். வீட்டுக்கு ஓர் ஆள் என்ற பேச்சுக்குக் கட்டுப்பட்டு வந்தவர்கள், அதே பேச்சுக்குக் கட்டுப்பட்டுத் திரும்பிப் போகலாம் என்று ஆயிற்று. மனசு மாறினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். உரக்கடைக்காரர் கடைசிவரை கரையில் நின்றுவிட்டுப் போனார். கால்வாய் முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கூரைகள் நனைந்தன, பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக நனைந்து அடங்கியது.

எங்கள் வீட்டை அதற்காக யாரும் கொண்டாடவில்லை. சாதிக்கு இரண்டகம் செய்த குடும்பம் என்று தெருவில் பாதிப் பேர் பேச்சை நிறுத்தினார்கள். தை மாசம் எங்கள் வைக்கோல் போர் எரிந்தது, வைத்தது யார் என்று இன்றைக்கும் தெரியாது. மாமியார் சாம்பலைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து, மாட்டுக்கு என்ன போடுவது என்று என் மேல் எரிந்து விழுந்தார். இறவாணத்து அலுமினிய டம்ளர் அங்கேயேதான் இருந்தது. அதை நான்தான் பிறகு ஒருநாள் எடுத்தேன். எங்கே போயிற்று என்று அவர் கேட்கவில்லை.

அன்றைக்கு உங்களுக்குப் பயமாக இல்லையா அத்தை என்று பல வருஷம் கழித்துக் கேட்டேன். காலனி ஆட்கள் மேல் இரக்கம், நியாயம், தர்மம் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அவரு உசுரக் குடுத்து வாங்கி வெச்ச வெட்டு அது. அத எடுத்து ஒருத்தன் கூரமேல வெக்கறதுக்குக் கேக்கறான், தூக்கிக் குடுத்துருவனா?" என்றார்.

இதைவிட நல்ல காரணம் எனக்குத் தேவைப்படவில்லை. எங்களைப் போலவே ஊருக்குக் கட்டுப்பட்டவர்தான் அவரும். ஆனால் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்பதில் அவருக்கு ஓர் எல்லை இருந்தது. எனக்கு அன்றைக்கு அது இல்லை. அதனால்தான் அவர் மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

கை தளர்ந்த பிறகுதான் மண்வெட்டியை மகனிடம் கொடுத்தார். இப்போது கால்வாயில் இயந்திரம் இறங்குகிறது, ஆனாலும் முதல் வெட்டு கையால்தான் விழ வேண்டும் என்று ஊர் வைத்திருக்கிறது. மதகில் விழுந்துகொண்டிருந்த வெட்டு அந்த வருஷத்திலிருந்து காலனிப் பாதை கால்வாயைத் தாண்டுகிற இடத்தில்தான் விழுகிறது. அப்படித் தீர்மானம் எதுவும் போடவில்லை, தானாக நின்றுவிட்டது. ஏன் இங்கே என்று புதிதாக வந்த மருமகள்கள் கேட்டால், ஆதியிலிருந்தே அப்படித்தான் என்று அன்றைக்குப் பாட்டிலோடு நின்றவர்களே சொல்கிறார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. ஊரைக் கூப்பிடுகிற பறை நின்றதும் கால்வாயில் இறங்குவார். காய்ந்து சுத்தமாக இருக்கிற இரண்டு கையையும் வேட்டியில் அழுத்தித் துடைத்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் மண்வெட்டியைத் தொடுவார்.